‘மகன் பார்த்துக்கொள்கிறான்’ என்று சொல்லி வைத்ததால்

தம்பி,

இந்தக் கடிதத்தை உன்னால் வேகமாகப் படிக்க முடியாது. அதற்காகவேதான் தமிழில் எழுதுகிறேன். தொலைபேசியில் பேசினால், பேச்சு என் பக்கம் திரும்புகிற நேரம் பார்த்து நீ இங்கிலீஷுக்குத் தாவிவிடுகிறாய். பின்னாலேயே ஓடிவந்து பிடிக்க எனக்கு மூச்சு வாங்குகிறது. மலேசியாவில், கிள்ளானில் தமிழ்ப் பள்ளியில் நாலாம் ஆண்டு வரை படித்தவன் நீ. எழுத்துக்கூட்டிப் படிப்பாய், ஒரு வரியை இரண்டு தடவை படிப்பாய், புரியாத சொல்லுக்குத் தர்ஷினியைக் கூப்பிடுவாய். அவள் யாழ்ப்பாணத் தமிழில் உனக்கு விளக்குவாள். உன் மனைவி இதைப் படிப்பதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. சொல்லப்போனால் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே படி. பாதியில் மடக்கி வைக்க விடமாட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீ என் போனை எடுக்கவில்லை. கோபம் என்று தெரியும், என்ன கோபம் என்றும் தெரியும். நான் உன்னிடம் கேட்டது ஒரே ஒரு காரியம். ‘என் அம்மாவுக்கு நான் பணம் தருவதில்லை, அவர் செலவை அவரே பார்த்துக்கொள்கிறார்’ என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு என்றேன். அது வருகிற வெள்ளிக்கிழமைக்குள், வேலை இல்லாதவர்களுக்கு அரசாங்க உதவிப்பணம் தருகிற பெனிஃபிட் ஆபீசுக்குப் போய்ச் சேராவிட்டால் என் விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் என் கையில் இருக்கிற சேமிப்பெல்லாம் நான் இருக்கிற இந்தப் பக்குரங்கா வீட்டு வாடகைக்கே போய்விடும். இவ்வளவையும் சொன்ன பிறகு நீ என்ன சொன்னாய்? “அம்மா, எந்த மகன் அப்படி எழுதுவான்? என்னால முடியாது.” சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். உன் அப்பா இருந்திருந்தால், கோபம் வரும்போது மட்டும் இவன் சுத்தமாகத் தமிழ் பேசுகிறானே என்று சந்தோஷப்பட்டிருப்பார்.

முதலிலிருந்து சொல்கிறேன். உன்னிடம் இதுவரை எல்லாவற்றையும் துண்டு துண்டாகத்தான் சொல்லியிருக்கிறேன், நீ பயப்படக் கூடாது என்று. நான் பயப்படவில்லை என்பதை முழுசாகக் கேட்டால்தான் உனக்குப் புரியும்.

பாட்டனி டவுன்ஸ் கடைத்தொகுதியில் நான் வேலை செய்த திரைச்சீலைக் கடையை மூடப்போகிறார்கள் என்பதைக் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் எங்களை நிற்க வைத்துச் சொன்னார்கள். மேலாளர் பெண் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. யார் யாருக்கெல்லாம் இன்னும் திரைச்சீலை போய்ச் சேர வேண்டும், அவர்களுக்கு யார் சொல்வது என்று கேட்டேன். எல்லாரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஆனால் அந்தக் கடையில் என் வேலையில் பாதி அதுதானே. ஜன்னலுக்கு அளவு எடுத்து, துணி தேர்ந்தெடுத்து, முன்பணம் கட்டிவிட்டுப் போவார்கள். துணி கப்பலில் இருக்கும். துணி வந்தால் தையல்காரருக்குக் காய்ச்சல். தைத்து வந்தால் கம்பி வந்திருக்காது. தாமதம் என்பதை நல்ல முகத்தோடு எடுத்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்று உன் அப்பா கேலி செய்வார்.

அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நின்றவளுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். கத்துகிறவரின் நம்பர் போனில் தெரிந்தால் எங்களில் யாரும் சீக்கிரம் எடுக்க மாட்டோம். வாயே திறக்காமல் இருக்கிறவரை, பாவம், மறந்தே போவோம். என் ஆர்டர் எப்போது வரும் என்று கேட்பவருக்குச் சீக்கிரம் வந்துவிடும் என்ற பதில் எங்கள் வாயிலேயே தயாராக இருக்கும், அதற்கு எதையும் புரட்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால், என் ஆர்டரில் என்ன குறைகிறது என்று ஒருவர் கேட்டுவிட்டால் தப்ப முடியாது. பின்கட்டுக்குப் போய் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். இந்தக் கேள்வியை நீயும் நினைவில் வைத்துக்கொள். நாளைக்கு உனக்கும் எங்காவது எதற்காவது காத்திருக்க வேண்டி வரும், வங்கியில், ஆஸ்பத்திரியில், பிள்ளையைச் சேர்க்கிற பள்ளிக்கூடத்தில்.

பெனிஃபிட்டுக்கு விண்ணப்பம் போட்டபோது நீதான் என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து போனில் எல்லாவற்றையும் படம் எடுத்து ஏற்றினாய். பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, வேலை முடிந்ததற்கான கடிதம். கடையில் தந்த விடுமுறைச் சம்பளம் தீரும் வரை ஒன்றும் கிடைக்காது, அதை ஸ்டாண்ட் டவுன் என்பார்கள் என்று நீ விளக்கினாய். சரி, அது எல்லாருக்கும் உள்ளது. அது முடிந்த பிறகும் ஒன்றும் வரவில்லை. வாரங்கள் போயின. நான் கூப்பிடும்போதெல்லாம் பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்து ஒரு குரல் வந்து, உங்கள் விண்ணப்பம் ப்ராசஸில் இருக்கிறது என்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை பேருக்கு நான் இதே குரலில் இதே பதிலைச் சொல்லியிருப்பேன்.

அந்த வாரங்களில் நான் என்ன செய்தேன் என்று நீ கேட்கவில்லை, ஆனால் சொல்கிறேன். வாடகை தள்ளிப்போவதற்கு முன்பே, தள்ளிப்போகலாம் என்று வீட்டு ஏஜென்டிடம் போய்ச் சொன்னேன். முன்னாலேயே சொல்கிறவர்களுக்குப் பாதி மரியாதை மிஞ்சும், இதுவும் கடையில் கற்றதுதான். மின்சாரக் கம்பெனியிடமும் அப்படியே. பிளாசாவில் உடை திருத்துகிற கடைக்குப் போய் என் கை வேலையைக் காட்டிவிட்டு வந்தேன். அந்தக் கடைக்காரி என் மடிப்புத் தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஆள் தேவைப்படும்போது கூப்பிடுகிறேன் என்றாள். கூப்பிடுவாள். எனக்குச் சந்தேகம் இல்லை. நான் வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்காருகிறவளா?

ஒன்றுக்காகக் காத்திருக்கும்போது மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கிற பழக்கம் உன் அப்பாவுக்கு இருந்தது. நாம் ஆக்லாந்துக்கு வந்த புதிதில், நிரந்தர விசா கிடைக்கும் வரை அவர் வீட்டுக்கு ஒரு சாமான் வாங்க விடவில்லை. உனக்கு நினைவிருக்கும், பெரிய சூட்கேஸைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் தட்டு வைத்துச் சாப்பிட்டோம். திரை வேண்டும் என்றால் “விசா வரட்டும்” என்பார். உனக்குச் சைக்கிள் வேண்டும் என்றால் “விசா வரட்டும்” என்பார். பல் வலிக்கும் அதே பதில்தான். தபால் பெட்டியைப் பார்க்கப் போவதும், வெறுங்கையோடு வந்து நம் எல்லார்மேலும் எரிந்து விழுவதுமாக இருந்தார். ஒரு சனிக்கிழமை நான் பாபகூராவில் பழைய சாமான் கடையில் ஒரு மேசையும் நாலு நாற்காலியும் வாங்கி, ஒருவரிடம் கெஞ்சி வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினேன்.  அன்று சாயங்காலம் உன் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, “சாம்பார் நல்லா இருக்கு” என்றார். அதற்கு முன்னால் எத்தனை நாளாக நான் வைத்த சாம்பார் அவர் நாக்குக்குப் படவில்லையோ தெரியாது. விசா அதற்கப்புறமும் வெகுநாள் கழித்துத்தான் வந்தது. ஆனால் நாம் வீடு மாதிரி ஒரு வீட்டில் இருந்தோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாள் பாட்டெல்லாம் முடிந்து ஒரு ஆள் பேசியபோது, எப்போது கிடைக்கும் என்று கேட்காமல், என் விண்ணப்பத்தில் என்ன குறைகிறது என்று கேட்டேன். ஒரு நிமிஷம் இருங்கள் என்றான். தேடுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னான்: “உங்க மகன் உங்களை ஆதரிக்கிறதா இங்க இருக்கு. எவ்வளவு தர்றார்னு விவரம் கேட்டிருக்கோம். இன்னும் வரல.” அந்தக் கேள்வியை என் ஆன்லைன் கணக்கில் போட்டிருந்தார்களாம். நீ வைத்துக் கொடுத்த பாஸ்வேர்டை நான் எங்கே எழுதி வைத்தேன் என்றே எனக்கு நினைவில்லை, அதனால் அதைத் திறந்து பார்க்கவில்லை.

மகன் ஆதரிக்கிறான் என்று யார் சொன்னது என்று கேட்க வாயெடுத்தேன். அப்போதுதான் தலையில் இடி விழுந்தது. நான்தான் சொன்னேன்.

விண்ணப்பம் போட்ட புதிதில் போனில் ஒரு நேர்காணல் நடந்தது அல்லவா? வாடகை எவ்வளவு, உடம்பு எப்படி, எந்த மாதிரி வேலை தேடுகிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். நடுவில், உங்களுக்கு யாராவது ஆதரவாக இருக்கிறார்களா என்று ஒரு கேள்வி. எனக்கு ஒரு நொடிகூட யோசனை இல்லை. என் மகன் என்னைப் பார்த்துக்கொள்கிறான் என்றேன். அந்தப் பக்கத்தில் ரொம்ப நல்லது என்றார்கள், கம்ப்யூட்டரில் தட்டுகிற சத்தம் கேட்டது. என் மகனைப் பற்றி அரசாங்கம் எழுதிக்கொள்கிறது என்று எனக்கு அப்படி ஒரு பெருமை, தம்பி. போனை வைத்துவிட்டு ஒரு டீ போட்டுக் குடித்தேன்.

இது பொய் என்று நான் நினைக்கவே இல்லை. நம்மிடம் அது ஒரு பதில், அவ்வளவுதான். உன் அப்பா போன பிறகு எனக்கு அந்த ஒரு கேள்விதான் எல்லா இடத்திலும் வருகிறது. கோயிலில் செருப்பைக் கழற்றுவதற்குள் யாராவது கேட்டுவிடுவார்கள். யாழ்ப்பாணத்து அக்கா, “மகன் பாக்கிறாரோ?” என்பார். மதுரைக்காரம்மா, “பையன் பாத்துக்கிறானா?” என்பார். நம் மலேசியாக்காரர்கள், “மகன் பாத்துக்கிறான்லா?” என்று பதிலையும் சேர்த்தே கேட்பார்கள். எல்லாருக்கும் ஒரே பதில், பாத்துக்கிறான். சாப்பிட்டீங்களா என்றால் சாப்பிட்டாச்சு என்று சொல்வது போலத்தான். பட்டினியாக வந்தவளும் அதைத்தான் சொல்வாள். யாரும் உடனே உட்கார்ந்து எவ்வளவு, எந்தத் தேதியில், எந்தக் கணக்கில் என்று கேட்பதில்லை. இங்கே கேட்கிறார்கள். அவர்கள்மேல் ஒரு தப்பும் இல்லை. மகன் பணம் தருகிறான் என்று ஒருத்தி சொன்னால், அதை வருமானமாகத்தானே எடுத்துக்கொள்வார்கள்? வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது நான்.

என்ன குறைகிறது என்று கேட்ட அன்றைக்கே போனில், இல்லை, அவன் ஒன்றும் தருவதில்லை என்று நான் பளிச்சென்று சொல்லியிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். எனக்கு வாய் வரவில்லை. “அவன்... அப்பப்ப... ஹெல்ப் பண்ணுவான்” என்று இழுத்தேன். அந்த ஆளுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை, பாவம். அப்படியானால் உங்கள் மகனிடமிருந்தே ஒரு எழுத்து வாங்கி அனுப்புங்கள், சமீபத்திய வங்கிக் கணக்கு விவரத்தையும் சேர்த்து அனுப்புங்கள் என்று சொல்லி, வெள்ளிக்கிழமைக் கெடுவையும் கொடுத்துவிட்டான்.

நீ வேலை பழகுகிற பையனாக இருந்த காலத்தில், எலக்ட்ரிஷியன் சட்டையோடு வந்து முதல் சம்பளத்தை என் கையில் வைத்தாய். அதற்கப்புறம் என் போன் பில்லும் இன்டர்நெட்டும் உன் கணக்கிலேயே போய்க்கொண்டிருந்தன. நீ பாபகூரா வீட்டுக்கு மார்ட்கேஜ் கடன் எடுத்த மாதம் அது நின்றது. நின்றதை நீ சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை என்பதை இப்போது எழுதியே தருகிறேன். நான் சம்பாதித்துக்கொண்டிருந்தேன், உனக்கு வீடு வேண்டியிருந்தது, தர்ஷினி வந்திருந்தாள். நீ அன்று இரண்டு பக்கமும் கொடுத்துக்கொண்டு அல்லாடியிருந்தால்தான் எனக்குத் தூக்கம் போயிருக்கும். ஆனால் கோயிலில் நான் பதிலை மாற்றவில்லை. அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

நீ போனை வைத்த மறுநாள் என்ன செய்தாய்? என் கணக்கில் பணம் போட்டுவிட்டாய், குறிப்பில் ‘அம்மா’ என்று. பார்த்ததும் நான் தலையில் அடித்துக்கொண்டேன். அட மகனே, எந்த வங்கிக் கணக்கை நான் ஆபீசில் காட்ட வேண்டுமோ அதே கணக்கில், எந்த வாரத்தைக் கேட்கிறார்களோ அதே வாரத்தில், மகன் பணம் தருவதற்கு நீயே அத்தாட்சி உண்டாக்கி வைத்துவிட்டாய். திட்டம் போட்டுச் செய்தால்கூட இவ்வளவு கச்சிதமாக வராது. அதனால்தான் அன்றைக்கே திருப்பி அனுப்பினேன். உன்னை உதறித் தள்ளுவதற்காக அனுப்பியதாக நீ நினைத்திருக்கிறாய் என்பது தர்ஷினி கூப்பிட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது.

“மாமி, அவர் பாங்கில காசு திரும்பி வந்ததைப் பாத்துப்போட்டு ஒண்டும் கதைக்கேல்லை,” என்றாள். “வேலையால வந்து சாப்பிடவும் இல்லை. நீங்கள் இஞ்ச வந்து எங்களோட இருங்கோவன். அந்தச் சின்ன அறை சும்மாதானே கிடக்குது.”

மனசாரக் கூப்பிட்டாள், குரலிலேயே தெரிந்தது. “அந்த அறைக்கு ஆடியிலயோ ஆவணியிலயோ ஒரு ஆள் வரப்போறாரே,” என்றேன். “ஓம் மாமி, ஆனா அவர் சின்ன ஆள்தானே,” என்று சிரித்தாள். நல்ல பெண். நீ அவளுக்குக் கொஞ்சம் சமைத்துப் போடு.

நீயும் அதைத்தான் சொன்னாய், பக்குரங்கா வீட்டை விட்டுவிட்டு வாருங்கள், இந்த பெனிஃபிட் எல்லாம் வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. உனக்கு நேராகவே பதில் சொல்கிறேன். இந்த வீட்டை நான் விட்டால், வேலை இல்லாத அறுபது வயசுக்காரிக்கு ஆக்லாந்தில் இன்னொரு வீட்டை யாரும் வாடகைக்குத் தரமாட்டார்கள். இது போனால் போனதுதான். அப்புறம் உன் வீட்டுச் சின்ன அறை, அதற்கப்புறம் உன் வீட்டு ஹால், அதற்கப்புறம் நானும் நீயும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் டிவி பார்த்துக்கொண்டிருப்போம். சனி ஞாயிறும் நீ வேலைக்கு ஓடுவாய். பிள்ளை பிறக்கிற வருஷத்தில் உன்னை வீட்டில் காண முடியாது. எனக்கு இது வேண்டாம். எனக்கு என் வீட்டுச் சாவி வேண்டும், காலையில் பஸ் பிடித்துப் போக ஒரு வேலை வேண்டும், அது கிடைக்கிற வரைக்கும் இந்த நாட்டில் இத்தனை வருஷம் வரி கட்டியவளுக்கு உரிமையுள்ள உதவி வேண்டும். அதைக் கேட்பதில் எனக்கு வெட்கம் இல்லை. உனக்கு எதற்கு?

இந்தக் கடிதத்தை உன் பெயரையும் என் பெயரையும் எடுத்துவிட்டுக் கோயில் மகளிர் குழுவுக்கும் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். அங்கே என் பதிலையே சொல்லிக்கொண்டிருக்கிறவர்கள் நிறையப் பேர், அவர்களில் யாருக்கு எப்போது வேலை போகும் என்று யாருக்குத் தெரியும்? அந்தக் கேள்வி வரும்போது அவர்களாவது யோசித்துப் பதில் சொல்லட்டும். உனக்குப் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல். சொல்வதற்கு நீ போனை எடுக்க வேண்டும்.

நேற்று ஆபீசுக்கு நேரில் போனேன். வந்து திரும்பிப் போன அந்தப் பணத்தை யாராவது விளக்க வேண்டும் அல்லவா? என்னைக் கூப்பிட்டவள் மெலே என்று ஒரு பெண், டோங்காத் தீவுக்காரி, உன் வயசு இருக்கும். தலையில் கொண்டை போட்டு ஒரு பேனாவைக் குத்தியிருந்தாள். பேசியது எல்லாம் இங்கிலீஷில், உனக்காகத் தமிழில் எழுதுகிறேன். வங்கி விவரத்தைப் பார்த்தாள், முன்னால் எழுதியிருந்ததைப் படித்தாள், பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்து, “உங்க மகன் உங்களுக்குப் பணம் தர்றாரா?” என்று கேட்டாள்.

அந்தப் பதிலைப் பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் செய்திருந்தேன்.  ஆனாலும் உன்னைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி இருந்தது. பக்கத்து மேசையில் ஒரு நம்மவர் உட்கார்ந்திருந்தார், பிஜிக்காரராக இருக்கலாம். அவர் காதில் விழுமே என்றுகூட நினைத்தேன். பிறகு கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். இல்லை. என் மகன் எனக்குப் பணம் எதுவும் தருவதில்லை.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த பிஜிக்காரர் தன் தாள்களில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். மெலே தலையசைத்துவிட்டு எழுதத் தொடங்கினாள். எனக்கு அத்தோடு நிறுத்த முடியவில்லை. ஆனால் நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஆரம்பித்துவிட்டேன். மழைக்காலத்துக்கு முன்னால் ஏணி போட்டுக் கூரைத் தகரத்திலிருந்து இலையெல்லாம் அள்ளிப் போடுகிறவன் அவன்தான். நான் கார் வைத்திருந்த வரைக்கும் அதைச் சோதனைக்குக் கொண்டுபோய்ச் சக்கரம் மாற்றிக்கொண்டு வருவான். எனக்குக் காய்ச்சல் என்றால் வேலையிலிருந்து நேராக வந்து, கஞ்சி என்று எதையோ வைத்துக் கொடுத்துவிட்டு, நான் குடிக்கிற வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருப்பான். ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு தவறாமல் வருவான், போன ஞாயிறுதான் வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போனேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இதையெல்லாம் நாங்க கணக்குல எடுக்கிறதில்ல,” என்றாள்.

அதை அவள் எவ்வளவு நிம்மதியாகச் சொன்னாளோ, கேட்ட எனக்கும் அவ்வளவு நிம்மதி. பிறகு, வேண்டியது மகனின் எழுத்து ஒன்றுதான், அது வந்தால் இந்தத் தாமதம் முடிந்தது என்றாள். அவர் ஏன் இன்னும் எழுதித் தரவில்லை என்று கேட்டாள். என்ன சொல்வது? அவனுக்கு என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆசை, அதனால்தான் எழுத மாட்டேன் என்கிறான் என்று உள்ளதைச் சொன்னேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் அம்மாவும் தேவாலயத்தில் எல்லாரிடமும் என்னைப் பற்றி இப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறார் என்றாள். அப்புறம் முகத்தைச் சரிசெய்துகொண்டு, “அந்த ஆசையை மட்டும் தாள்ல எழுதிட வேண்டாம்னு அவர்கிட்ட சொல்லுங்க,” என்றாள்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது எனக்கு அழுகை வந்தது. துக்கத்தில் இல்லை, தம்பி. உன்னைப் பற்றி ஒருத்தியிடம் அவ்வளவு நேரம் பேசியிருக்கிறேன், அதில் ஒன்றையாவது உன்னிடம் சொல்லியிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. ஊரெல்லாம் பாத்துக்கிறான் பாத்துக்கிறான் என்று சொல்லிவிட்டு, உன்னிடம் ஏணியை ஒழுங்காக மடக்கி வை என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

அதனால் இப்போது சொல்கிறேன். நீ பார்த்துக்கொள்கிறாய். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் உட்கார்ந்து, பணம் தருவதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடு, அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. இதைப் படம் எடுத்து இன்றைக்கே தர்ஷினியின் போனுக்கு அனுப்பிவிடுகிறேன். நாளைக் காலையில் நீ வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் கூப்பிடுகிறேன். எடு.

அம்மா